விவசாய நிலம் காக்கிற லேண்ட் ட்ரஸ்ட்ல பொறுப்புக்கு வர்ற வாலண்டியர்களுக்கு

அமெரிக்காவுல நம்ம ஆளுங்க குடியிருக்கிற பல சப்டிவிஷன் ஒரு தலைமுறைக்கு முன்னாடி சோளக்காடாவோ மாட்டுப் பண்ணையாவோதான் இருந்திருக்கும். அமெரிக்கன் ஃபார்ம்லேண்ட் ட்ரஸ்ட் 2020ல வெளியிட்ட கணக்குப்படி 2001ல இருந்து 2016க்குள்ள மட்டும் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஏக்கர் விவசாய நிலமும் மேய்ச்சல் நிலமும் கையை விட்டுப் போயிருக்கு, ஒண்ணு ஊரா மாறிடுச்சு, இல்லைன்னா பெரிய பெரிய மனையா துண்டு போட்டு நடுவுல ஒரு வீட்டைக் கட்டி விவசாயம் பண்ண முடியாதபடி ஆக்கிட்டாங்க. இதைத் தடுக்க பல கவுண்டியில மல்லுக்கட்டிட்டு இருக்கிறது சின்னச் சின்ன லேண்ட் ட்ரஸ்ட்தான், நிலத்தைக் காக்குறதுக்குன்னே இருக்கிற லாப நோக்கமில்லாத அமைப்புங்க. ஒரு பார்ட் டைம் ஆளு, ஒரு சின்ன ஆபீஸ், மத்தபடி சம்பளம் வாங்காத போர்டு மெம்பர்ஸ், அவ்ளோதான். அந்த போர்டுல, இல்லைன்னா அதோட கமிட்டியில, நீங்க உட்காரப் போறீங்கன்னா என்ன தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன்.

முதல்ல ஈஸ்மென்ட்னா என்னன்னு தெளிவாப் புரிஞ்சுக்கோங்க, ஏன்னா எல்லாமே அதுலதான் நிக்குது. விவசாயி நிலத்தை விக்கிறதில்லை. உழறது, வாடகைக்கு விடறது, பிள்ளைக்குக் கொடுக்கிறது, விக்கிறது எல்லாம் அவர் உரிமைதான். மனை போட்டு வீடு கட்டுற உரிமையை மட்டும் விட்டுக்கொடுத்து ட்ரஸ்டுக்கு எழுதிக் கொடுக்கிறார், அதுதான் ஈஸ்மென்ட், அந்தப் பத்திரம் நிலப் பதிவுல ஏறிடும், அப்புறம் நிலம் யார் கைக்குப் போனாலும் அந்தக் கட்டுப்பாடு கூடவே போகும். உதாரணத்துக்கு, மனையா வித்தா 10 லட்சம் டாலர், விவசாயத்துக்கு மட்டும்னா 6 லட்சம்னு நிலத்துக்கு மதிப்புப் போடற அப்ரைசர் சொன்னா, ஈஸ்மென்டோட மதிப்பு 4 லட்சம். அதை விவசாயி தானமாவும் கொடுக்கலாம், ட்ரஸ்ட் காசு கொடுத்தும் வாங்கலாம், ரெண்டும் கலந்தும் பண்ணலாம். காசு கொடுத்து வாங்குறப்ப விவசாய நில ஈஸ்மென்ட்டுக்குன்னு ஃபெடரல் கவர்மென்ட் வெச்சிருக்கிற ஏ.சி.இ.பி. திட்டத்துல, 2014 ஃபார்ம் பில்லுங்கிற விவசாயச் சட்டத்துல வந்தது, பொதுவா ஈஸ்மென்ட் மதிப்புல பாதி வரைக்கும் கிடைக்கும். மீதியை ஸ்டேட், கவுண்டி, நன்கொடைன்னு திரட்டணும், பல சமயம் விவசாயியே ஒரு பங்கை விட்டுக்கொடுப்பார்.

இதுல கையெழுத்துப் போடறது ஒரு நாள் வேலை, அன்னிக்கு போட்டோ எடுப்பாங்க, பேப்பர்ல வரும், எல்லாருக்கும் சந்தோஷம். அதுக்கப்புறம் அந்த நிலத்தை வருஷா வருஷம் போய்ப் பாக்கணும், அடுத்த ஓனர்கிட்ட பேசணும், மீறினா கோர்ட்டுக்குப் போகணும், இது காலம் முழுக்க, நீங்க போனப்புறமும். அதனால போர்டுல இருக்கிறவங்க ஒவ்வொரு முடிவுலயும் கேக்க வேண்டிய கேள்வி, இதை நம்மால கடைசி வரைக்கும் காப்பாத்த முடியுமாங்கிறதுதான். எத்தனை ஏக்கர் சேத்தோம்கிற கணக்கை ரெண்டாவதா வைங்க.

சேர்றதுக்கு முன்னாடியே சில பேப்பரைக் கேட்டு வாங்கிப் படிங்க. ட்ரஸ்ட் வருஷா வருஷம் வரித்துறைக்குக் கொடுக்கிற கணக்கு ஃபார்ம் 990, கடைசி மூணு வருஷத்துது பொது ஆவணம், கேட்டா கொடுத்தே ஆகணும். எத்தனை ஈஸ்மென்ட் கையில இருக்கு, அதுல போன வருஷம் எத்தனையை நேர்ல போய்ப் பாத்தாங்க, ஈஸ்மென்ட் பராமரிப்புக்குன்னு தனியா ஃபண்ட் வெச்சிருக்காங்களா, அந்தக் காசை ஆபீஸ் வாடகைக்கு எடுத்துச் செலவு பண்றாங்களா, வழக்கு வந்தா இன்சூரன்ஸ் இருக்கா, இதெல்லாம் கூச்சப்படாம கேளுங்க. டெர்ராஃபர்மான்னு லேண்ட் ட்ரஸ்டுங்களே சேந்து நடத்துற இன்சூரன்ஸ் ஒண்ணு இருக்கு, ஈஸ்மென்ட் மீறலுக்கு வழக்கு நடத்தற செலவை அது ஏத்துக்கும், அதுல இருக்காங்களான்னும் கேளுங்க. போர்டு எடுத்த முடிவுக்காக மெம்பர்ஸ் மேலயே வழக்கு வந்தா காப்பாத்துற டி அண்ட் ஓ இன்சூரன்ஸ் இல்லாத இடமா இருந்தா, முதல்ல அதை எடுக்கச் சொல்லுங்க. லேண்ட் ட்ரஸ்ட் அலையன்ஸ்னு 1982ல ஆரம்பிச்ச தேசிய அமைப்பு ஒண்ணு இந்தத் துறைக்குன்னு 12 ஸ்டாண்டர்ட்ஸ் வெச்சிருக்கு, 1989ல முதல்ல எழுதி 2017ல திருத்தினது. மத்த எதைப் படிக்கலைன்னாலும் அதை ஒரு வார இறுதியில உட்கார்ந்து படிச்சிடுங்க. உங்க ட்ரஸ்ட் அக்ரெடிடேஷன்ங்கிற தரச்சான்று வாங்கியிருந்தா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், அந்த வருஷம் வேலை கழுத்தை நெரிக்கும், முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

நம்ம ஆளுங்க சேந்தா முதல்ல வெப்சைட்டைக் கையில கொடுத்துடுவாங்க. பண்ணுங்க, தப்பில்லை, ஆனா அதோட நின்னுடாதீங்க. மேப்பிங் தெரிஞ்சவங்க, அக்கவுண்ட்ஸ் தெரிஞ்சவங்க, பத்திரத்தை வரி வரியாப் படிக்கிற பொறுமை உள்ளவங்க, இவங்கதான் இந்த போர்டுக்கெல்லாம் உடனடித் தேவை. இதுக்கு விவசாயப் பட்டமும் வேணாம், பரம்பரையா நிலமும் வேணாம். கலிபோர்னியா மரின் கவுண்டியில 1980ல எல்லன் ஸ்ட்ராஸ்ங்கிற பால் பண்ணைக்கார அம்மாவும் ஃபில்லிஸ் ஃபேபர்ங்கிற பயாலஜிஸ்ட்டும் சேந்து ஆரம்பிச்சதுதான் மரின் அக்ரிகல்ச்சுரல் லேண்ட் ட்ரஸ்ட், விவசாய நிலத்துக்குன்னே இந்த நாட்டுல வந்த முதல் லேண்ட் ட்ரஸ்ட் அது. மாடு தெரிஞ்சவங்க ஒருத்தர், செடி கொடி தெரிஞ்சவங்க ஒருத்தர். உங்க போர்டுலயும் அந்தக் கலவை இருக்கான்னு பாருங்க. உண்மையிலேயே விவசாயம் பண்ற ஆளு ரெண்டு பேராவது இல்லாத போர்டு, விவசாயிக்கு ஒத்துவராத பத்திரத்தைத்தான் எழுதும்.

இப்ப நேர்ல போய்ப் பாக்குற வேலை. இதைக் கத்துக்கிட்டீங்கன்னா மத்தது தானா புரியும். ஸ்டாண்டர்ட்ஸ் படி ஒவ்வொரு ஈஸ்மென்ட்டையும் காலண்டர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாக்கணும். சேட்டிலைட்லயோ விமானத்துலயோ எடுத்த படத்தை வெச்சுப் பாக்கலாம், ஆனா அப்பவும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை காலால நடந்து பாத்தே ஆகணும். என்னைக் கேட்டா முடிஞ்ச வரைக்கும் வருஷா வருஷம் நடந்துடுங்க, ஏன்னா அந்த நடையிலதான் விவசாயியோட பழக்கம் வளருது. போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி போன் பண்ணி, அறுவடை நேரமா இல்லாத நாளாப் பாத்துக் கேளுங்க. பேஸ்லைன் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. கையெழுத்தான சமயத்துல நிலம் எப்படி இருந்துச்சுன்னு மேப்பும் போட்டோவும் வெச்சு எழுதினது அது, எந்த எடத்துல நின்னு எந்தத் திசையைப் பாத்து எடுத்ததுன்னு ஒவ்வொரு போட்டோவுக்கும் நம்பர் இருக்கும். அதே எடத்துல நின்னு அதே திசையில திரும்ப எடுங்க. உதாரணத்துக்கு, பழைய போட்டோவுல வேலி மூலையில வெறும் புல்லு, இப்ப அங்க ஜல்லி கொட்டி சமப்படுத்தி ஒரு ஆர்.வி. நிக்குதுன்னு வைங்க. அது கட்டடம் கட்ட அனுமதிச்ச எல்லைக்குள்ள இருந்தா பிரச்சனை இல்லாம இருக்கலாம், வெளியன்னா பத்திர மீறலா இருக்கலாம். அங்கயே நின்னு வாக்குவாதம் பண்ணாதீங்க, சரின்னும் சொல்லாதீங்க. எப்ப போட்டது, எதுக்குன்னு சாதாரணமாக் கேளுங்க, போட்டோ எடுங்க, ஜி.பி.எஸ். குறிச்சுக்கோங்க, "பத்திரத்தைப் பாத்துட்டு எழுத்துல சொல்றோம்"னு சொல்லிட்டு அடுத்த எடத்துக்கு நடங்க. வாலண்டியர் ஒருத்தர் வாய் தவறி "பரவாயில்ல விடுங்க"ன்னு சொன்னா அதைப் பின்னாடி லாயர் எடுத்து வெச்சுப் பேசுவார். புதுசா வழி போட்டது, குப்பை கொட்டினது, ஓடைக்கரையில மரம் வெட்டினது, பக்கத்து வீட்டுக்காரர் தோட்டம் எல்லை தாண்டி வந்தது, இதுங்கதான் அடிக்கடி கண்ணுல படும். திரும்பி வந்து அன்னிக்கே ரிப்போர்ட் எழுதிடுங்க, எல்லாம் நல்லா இருந்தாலும் எழுதுங்க, நல்லா இருந்துச்சுங்கிறதுக்கும் சாட்சி வேணும்.

அடுத்தது விவசாயி வீட்டுக் கிச்சன் டேபிள்ல உட்கார்ந்து பேசறது. 2022 விவசாய சென்சஸ்படி இந்த நாட்டு விவசாயியோட சராசரி வயசு 58.1, அதனால பேச்சு பெரும்பாலும் நிலத்துல ஆரம்பிச்சு பிள்ளைங்ககிட்ட போய் நிக்கும். மூணு பிள்ளைங்கள்ல ஒருத்தருக்குத்தான் விவசாயத்துல ஆசை, மத்த ரெண்டு பேருக்கும் பங்கு கொடுக்கணும், பேங்க் கடன் இருக்கு, ரிட்டையர் ஆக சேமிப்பு இல்லை. இதை நல்லா காது கொடுத்துக் கேளுங்க, பாதியில சுற்றுச்சூழல் லெக்சர் எடுக்காதீங்க, அவர் மண்ணைப் பத்தி அவருக்கு நீங்க சொல்லித்தர ஒண்ணும் இல்லை. ஈஸ்மென்ட் வித்து வர்ற காசு கூடப்பிறந்தவங்களுக்குப் பங்கு கொடுக்கவும் கடன் அடைக்கவும் பல குடும்பத்துக்கு உதவியிருக்கு, அதைச் சொல்லலாம். ஆனா "உங்களுக்கு இவ்ளோ டேக்ஸ் மிச்சமாகும்"னு மட்டும் வாயைத் திறக்காதீங்க. சட்டம் என்ன சொல்லுதுன்னு பொதுவா சொல்லலாம், தானமாக் கொடுத்தா ஒரு வருஷத்துல வருமானத்துல 50 சதவீதம் வரைக்கும் கழிக்கலாம், வருமானத்துல பாதிக்கு மேல விவசாயத்துல இருந்தே வர்றவங்களுக்கு 100 சதவீதம், மிச்சத்தை அடுத்த 15 வருஷத்துக்குக் கொண்டு போகலாம், 2015ல இதை நிரந்தரமாக்கிட்டாங்க. அதுக்கு மேல அவரோட சொந்த லாயரும் சி.பி.ஏ.வும்தான் பேசணும், அவங்களை வெச்சுக்கச் சொல்லி எழுத்துலயே கொடுங்க. அடமானம் இருந்தா பேங்க் தன்னோட உரிமையை ஈஸ்மென்ட்டுக்குக் கீழ வெக்க ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுக்கணும், இதை முதல் மீட்டிங்லயே கேட்டுடுங்க, பேங்க்ல இருந்து பதில் வர மாசக்கணக்காகும்.

தானத்துக்கு டேக்ஸ் கழிவு கேக்குறப்ப ஃபார்ம் 8283ன்னு ஒண்ணு வரும், தானம் வாங்கினவங்கன்னு ட்ரஸ்ட் அதுல கையெழுத்துப் போடணும். மதிப்பு சரின்னு நீங்க ஒத்துக்கிட்டதா அதுக்கு அர்த்தம் ஆகாது, ஆனாலும் காலியா இருக்கிற ஃபார்ம்ல போடவே போடாதீங்க, மதிப்பு கண்ணுக்கே உறுத்துற மாதிரி இருந்தா போர்டுல வெச்சுப் பேசி லாயரைக் கேளுங்க. வெளியூர்ல இருந்து ஒரு ப்ரமோட்டர், கூட முதலீட்டாளர்கள், போட்ட காசுக்குப் பல மடங்கு டேக்ஸ் கழிவுன்னு வந்தாங்கன்னா கதவைச் சாத்திடுங்க. ஐ.ஆர்.எஸ்.ங்கிற வரித்துறை 2016 கடைசியிலயே இந்த மாதிரி டீலுங்களைக் கண்காணிப்புல வெச்சுடுச்சு, 2022 கடைசியில வந்த சட்டம் முதலீட்டுக்கு ரெண்டரை மடங்குக்கு மேல போனா கழிவே கிடையாதுன்னு பொதுவா சொல்லிடுச்சு. நேர்மையான விவசாயிங்களுக்குக் கிடைக்கிற சலுகைக்கே ஆபத்து வர வெச்சவங்க இவங்க, எனக்கு இதுல கோபம் இருக்கு.

பத்திரம் எழுதறப்ப இன்னிக்கு இருக்கிற பண்ணையை மட்டும் மனசுல வெச்சுக்காதீங்க. இன்னிக்கு மாட்டுப் பண்ணை, நாளைக்கு வர்றவர் காய்கறி போடுவார், கிரீன்ஹவுஸ் வேணும், வாசல்ல ஒரு கடை வேணும், வேலையாட்கள் தங்க வீடு வேணும், சீஸ் பண்ண ஒரு கொட்டகை வேணும். ஃபெடரல் காசு வாங்கினா கட்டடம் காங்க்ரீட்டுன்னு மண்ணை மூடற பரப்பு பொதுவா 2 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, விதிவிலக்கு கேட்டு வாங்கினா 10 வரைக்கும். கமிட்டியில உட்கார்ந்து மேப்பை விரிச்சு வெச்சு, அந்த 2 சதவீதம் எத்தனை ஏக்கர், அதுல இப்பவே எவ்ளோ போயிடுச்சுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. இன்னொண்ணு, ஈஸ்மென்ட் போட்டுட்டா மட்டும் விவசாயி கையிலயே நிலம் இருக்கும்னு நினைக்காதீங்க. வியூ நல்லா இருக்குன்னு பணக்காரர் ஒருத்தர் வாங்கி புல்வெளியா வெச்சுக்கிட்டா பத்திரம் மீறல் இல்லை, ஆனா விவசாயமும் இல்லை. வெர்மான்ட்லயும் மாசசூசெட்ஸ்லயும் இதுக்காகவே, விவசாயி அல்லாதவருக்கு விக்கப் போனா விவசாய விலைக்கு வாங்கிக்கிற உரிமை ட்ரஸ்டுக்கோ ஸ்டேட்டுக்கோ இருக்கிற மாதிரி ஒரு ஷரத்து சேக்கறாங்க. உங்க போர்டுல இது வரைக்கும் யாரும் இதைக் கேக்கலைன்னா நீங்க கேளுங்க.

சொந்த லாபம் கலக்கிற விஷயத்துல ரொம்பக் கறாரா இருங்க. சின்ன ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம் இல்லைன்னா பக்கத்து நிலம். உங்க பக்கத்து வயலுக்கு ஈஸ்மென்ட் வந்தா உங்க நில மதிப்பு ஏறலாம், முன்னாடியே சொல்லிடுங்க, ஓட்டுப் போடறப்ப ரூமை விட்டு வெளிய போங்க, அது மினிட்ஸ்ல வரணும். நன்கொடை கேக்குற வேலை எல்லா என்.ஜி.ஓ. மாதிரிதான், புதுசா சொல்ல ஒண்ணும் இல்லை, ஒண்ணே ஒண்ணு, ஒவ்வொரு புது ஈஸ்மென்ட்டுக்கும் பராமரிப்பு ஃபண்டுக்கு எவ்ளோ சேக்கணும்னு கணக்குப் போட்டு அந்தக் காசு எங்க இருந்து வருதுன்னு தெரியாம ஓட்டுப் போடாதீங்க. அழகான நிலம், நல்ல குடும்பம், ஆனா காசும் ஆளும் இல்லைன்னா முடியாதுன்னு சொல்ற தைரியம் போர்டுக்கு வேணும், முடிஞ்சா வேற ட்ரஸ்டையோ கவுண்டியையோ கை காட்டி விடுங்க.

நிலம் கைமாறினா புது ஓனரை உடனே போய்ப் பாருங்க. கையெழுத்துப் போட்டவருக்கு அந்தப் பத்திரம் அவரோட வாக்கு, வாங்கினவருக்கு அது வில்லங்கத்துல இருந்த ஒரு பேப்பர், வம்பு பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிக்குது. பத்திர நகலும் மேப்பும் எடுத்துட்டுப் போய், எங்க கட்டலாம், எங்க கூடாது, எதுக்கு முன்கூட்டி அனுமதி கேக்கணும்னு ஒரு மணி நேரம் நிலத்துலயே நின்னு காட்டுங்க.

ஆரம்பிக்கணும்னா லேண்ட் ட்ரஸ்ட் அலையன்ஸ் வெப்சைட்ல உங்க ஏரியா ட்ரஸ்டைத் தேடிப் பிடிக்கலாம். போர்டுல இடம் இருக்கான்னு எடுத்த எடுப்புல கேக்காதீங்க, அடுத்த தடவை ஈஸ்மென்ட் பாக்கப் போறப்ப கூட வரலாமான்னு ஒரு மெயில் போடுங்க. வரச் சொன்னாங்கன்னா அந்த நிலத்தோட பத்திரத்தையும் பேஸ்லைனையும் முதல் நாளே கேட்டு வாங்கிப் படிச்சுட்டு, நல்ல பூட்ஸ் போட்டுட்டுப் போங்க.