தனுஷ்கோடிச் சுவர்களைப் பார்ப்பது எப்படி: ஒரு கொத்தனார் சொல்கிறேன்

ராமநாதபுரத்தில் 35 வருஷமாகக் கொத்து வேலை பார்க்கிறேன். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போவது எப்போதும் என் தலையில்தான் விழும். சர்ச் முன்னால் நின்று போட்டோ, நிலம் முடியும் அரிச்சல்முனையில் கால் நனைப்பு, ஒரு பாசிமாலை, அதோடு திரும்பிவிடலாம் என்பார்கள். நான் விடமாட்டேன். சுவரைப் பார்க்கத் தெரிந்துகொண்டு போனால் அந்த ஊர் உங்களிடம் பேசும்.

காலையிலேயே போங்கள். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தபிறகு ராமேஸ்வரத்திலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அப்புறம் வேனில் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும். காலை போகச் சொல்வது கூட்டத்துக்காக மட்டும் இல்லை. வெயில் சாய்வாக விழும்போதுதான் கல்லின் முகம் தெரியும். உச்சி வெயிலில் எல்லாச் சுவரும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம் வேண்டும், நிழலே கிடையாது.

போகும் வழியில் கோதண்டராமர் கோயிலில் இறங்குங்கள். தனுஷ்கோடியை அழித்த 1964 புயலில் தப்பி நின்ற கட்டடம் அது. அதைப் பார்த்துவிட்டு மேலே போனால், இல்லாமல் போனது எவ்வளவு என்று மனசு தானாகக் கணக்குப் போடும்.

ஊருக்குள் போனதும் முதலில் ரயில் பாதை ஓடிய திசையை மனசில் வரைந்துகொள்ளுங்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு, பாம்பனிலிருந்து நேராகத் தனுஷ்கோடிக்கு வந்ததுதான் பிரதான பாதை. ராமேஸ்வரத்துக்குப் போனது கிளைப் பாதை. மெட்ராஸில் போட் மெயில் ஏறியவர் இங்கே இறங்கிக் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேர்ந்தார். இந்த மணல் திட்டில் தபால் ஆபீஸும் சுங்கச் சாவடியும் எதற்கு என்ற கேள்விக்கு அதுதான் பதில். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு இடிபாட்டின் முன்னாலும் ‘இது யாருக்குத் தேவைப்பட்டது’ என்று கேட்டுப் பாருங்கள், ஊர் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நிற்கும்.

இனி சர்ச். இங்கே அவசரப்படாதீர்கள்.

சுவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்று கல்லை மட்டும் பாருங்கள். சின்னச் சின்னப் பூவாக, நட்சத்திரமாக, சில இடத்தில் தேன்கூடு மாதிரிக் கண்கண்ணாக இருக்கும். கருங்கல்லோ செங்கலோ இப்படி இருக்காது. இது பவளப்பாறை. கடலுக்குள் உயிரோடு வளர்ந்ததை வெட்டி எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். எடை குறைவு, வெட்டுவது சுலபம், படகில் கொண்டுவரலாம். வேறு கல் கிடைக்காத கரையில் அன்றைக்குக் கிடைத்த கல் அதுதான். சுண்ணாம்புக்கும் அதையேதான் காளவாசலில் போட்டுச் சுட்டார்கள். கல்லும் காரையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அதனால்தான் அந்தச் சுவர் ஒரே உடம்பாகப் பிடித்து நிற்கிறது. இன்று அந்தக் கல்லைத் தொட்டு வேலை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. 2001இலிருந்து பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதாவது, இந்தச் சுவரிலிருந்து ஒரு கல் விழுந்தால் அதற்கு மாற்றுக் கல் கிடையாது.

அடுத்து வளைவுகளை நிமிர்ந்து பாருங்கள். கூரை போய்விட்டது, நேர்ச் சுவர் பாதி போய்விட்டது, வளைவு நிற்கிறது. உச்சியில் இறுக்கி வைத்த கல் இரண்டு பக்கத்துக் கல்லையும் தள்ளிக்கொண்டிருக்கிறது. பாரம் ஏற ஏற அது இறுகும். சுவரின் மேல்பக்கம் உத்திரம் செருகிய குழிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். மரம் எந்த உயரத்தில் ஓடியது என்று தெரிந்தால் கூரையை நீங்களே மனசில் மூடிவிடலாம். வாசல் ஏதாவது குள்ளமாகத் தெரிந்தால் அந்தக் காலத்து ஆட்கள் குள்ளம் என்று நினைக்காதீர்கள். மணல் ஏறியிருக்கும்.

இப்போது குனிந்து சுவரின் அடியைப் பாருங்கள். புயல் ஒரு ராத்திரியில் போய்விட்டது. இன்றுவரை சுவரைத் தின்பது ஓதம். அடியிலிருந்து உப்புத்தண்ணீர் கல்லுக்குள் ஏறும். வெயிலில் தண்ணீர் மட்டும் காயும், உப்பு உள்ளேயே தங்கிப் பூக்கும். பூக்கிற உப்பு கல்லை உள்ளிருந்து பிளந்து பொடியாக உதிர்க்கும். எப்போதும் நனைந்தே இருக்கும் இடத்தைவிட, அதற்குச் சற்று மேலே, நனைந்து நனைந்து காய்கிற பட்டையில்தான் அரிப்பு அதிகம். தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள், வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள். ஆண் கடலைப் பார்த்த முகத்தையும் பெண் கடலைப் பார்த்த முகத்தையும் சுற்றி வந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பருவக் காற்றும் இரண்டு பக்கமிருந்தும் உப்பை அள்ளி அடிக்கின்றன.

‘சிமெண்ட் பூசினால் நிற்காதா?’ என்று எல்லோரும் கேட்பார்கள். நிற்காது. மண்டபம் பக்கம் ஒரு பழைய பவளக்கல் வீட்டுக்கு இளம் வயதில் நானே சிமெண்ட் பூசியிருக்கிறேன். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, சில வருஷத்தில் பூச்சு கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு விழுந்தது. என் அப்பா சுண்ணாம்புதான் போடச் சொன்னார், நான் கேட்கவில்லை. அந்தச் சுவரை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து.

ஸ்டேஷன் இடிபாட்டுக்குப் போகும்போது கொஞ்சம் மௌனமாக இருங்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர், இந்த ஸ்டேஷனை நெருங்கும்போது கடல் எடுத்துக்கொண்டது. வண்டியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்து ராமேஸ்வரத்துக்கு ரயில் விட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையைத் திரும்பப் போடவில்லை. ஊரையே குடியிருக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டு இருக்கிறார்கள். அவர்கள் மணலில் தோண்டிய ஊற்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் கையளவு பள்ளத்தில் நல்ல தண்ணீர். மழைத்தண்ணீர் எடை குறைந்தது, உப்புத்தண்ணீர் மேல் மிதக்கும். ஆழமாகத் தோண்டினால் கரித்துவிடும்.

சுவர் மேல் ஏறாதீர்கள், சாயாதீர்கள். பெயர் கீறுவதும் கல் துண்டைப் பையில் போடுவதும் வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரே ஒரு ஜன்னலைத் தேர்ந்துகொண்டு நேர் எதிரே பத்தடி தள்ளி நின்று படம் எடுங்கள், தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வரும்போது அதே இடத்தில் நின்று எடுங்கள். நான் அப்படி ஒரு ஜன்னலை எடுத்து வருகிறேன். முதல் படத்தில் அடிவிளிம்பில் காரை இருக்கிறது, யாரோ ஒரு கொத்தனார் கரணையால் இழுத்துவிட்ட கோடு அதில் தெளிவாகத் தெரிகிறது. போன தை மாதம் எடுத்த படத்தில் அந்தக் கோடு இல்லை.