ரீப்பரில் பாட்டு டேக்குகளை வெட்டி ஒட்டுவது எப்படி

நல்ல குரல், சுமாரான மைக், நாலைந்து டேக் (ஒரே பாட்டை ஒவ்வொரு முறை பாடிப் பதிந்தது) எல்லாம் கையில் இருந்தும் கடைசியில் பாட்டு ஒட்டுப்போட்டது மாதிரி கேட்கிறது என்றால், பெரும்பாலும் கோளாறு வெட்டிய இடத்தில்தான் இருக்கும். திரையில் அலை மெலிந்து தெரிகிற இடமாகப் பார்த்து வெட்டிவிடுகிறோம், அங்கே பாடுகிறவரின் வாய் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பதில்லை. நான் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை வைத்துச் சொல்கிறேன், ஆனால் இதில் பாதிக்கு மேல் எந்த மென்பொருளுக்கும் பொருந்தும். திரையில் தெரியும் ஒலித் துண்டான க்ளிப்பை ரீப்பரில் ஐட்டம் என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை. ரெக்கார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்பே டிராக்குக்கு (ஒலி பதிவாகும் தடம்) பெயர் வைத்துவிடுங்கள், ஏனென்றால் ரீப்பர் பதிவாகும் ஃபைலின் பெயரிலேயே டிராக்கின் பெயரையும் சேர்த்துக்கொள்ளும். பெயர் வைக்காமல் பதிந்தால் ஃபோல்டர் முழுக்க வெறும் எண்களும் தேதியுமாக நிற்கும், ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எது பல்லவி, எது சரணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ப்ராஜெக்டை முதல்முறை சேமிக்கும்போதே அதற்கென்று தனி ஃபோல்டர் போட்டு, ஆடியோ எல்லாவற்றையும் அதற்குள்ளேயே காப்பி செய்யும் டிக்கையும் போட்டுவிடுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ பதிவு நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பிதான், இடத்துக்காகக் கஞ்சத்தனம் வேண்டாம்.

இன்னொன்று, வெட்டுவதற்குப் பயப்படவே வேண்டாம். நீங்கள் திரையில் வெட்டுவது, இழுப்பது, சுருக்குவது எதுவும் டிஸ்க்கில் இருக்கும் அசல் ஃபைலைத் தொடாது. க்ளிப் என்பது அந்த ஃபைலின் எந்தப் பகுதி எப்போது ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான். அதனால் வெட்டிய க்ளிப்பின் ஓரத்தைப் பிடித்து வெளியே இழுத்தால் மறைந்துபோன பகுதி அப்படியே திரும்பி வரும்.

சரி, வெட்டுவோம். கர்சரை வைத்து எஸ் அழுத்தினால் க்ளிப் இரண்டாகும். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டும் எஸ்ஸும் அழுத்தினால் இரண்டு முனையிலும் வெட்டு விழும். க்ளிப் இருக்கிற இடத்திலேயே இருக்க, உள்ளே இருக்கும் ஒலி மட்டும் முன்னே பின்னே நகர வேண்டுமென்றால் ஆல்ட் பிடித்துக்கொண்டு நடுவில் இழுங்கள். அதே ஆல்ட்டோடு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒலி நீளும் அல்லது சுருங்கும், இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரே இடத்துக்குப் பல டேக் இருந்தால் டி அழுத்தி ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்கலாம். 2023-ல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து டேக்குகளைத் தனித்தனி வரிசைகளாக அடுக்கி, எந்த வரியை எந்த டேக்கிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் இருக்கிறது. டேக் நிறைய வைத்திருப்பவர்கள் அதைக் கற்றுக்கொள்வது நல்லது.

இனி முக்கியமான கேள்வி, எங்கே வெட்டுவது? தமிழ்ப் பாட்டுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. 'பக்கம்', 'பாட்டு', 'பத்து', 'அப்பா' என்று சொல்லிப் பாருங்கள். க்க, ட்ட, த்த, ப்ப வருகிற இடத்தில் வாய் ஒரு கணம் முழுதாக மூடிக்கொள்கிறது, அந்தக் கணத்தில் சத்தமே இல்லை. வார்த்தைக்கு நடுவிலேயே கிடைக்கிற மௌனம் அது. இரண்டு டேக்கை அங்கே இணைத்தால் எவருக்கும் தெரியாது, பிட்சோ குரலின் நிறமோ கொஞ்சம் மாறியிருந்தால்கூடப் பெரும்பாலும் தப்பித்துவிடும். மாறாக 'அம்மா', 'எங்கே', 'நெல்லு', 'மழை' மாதிரியான இடங்களில் குரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அலை சின்னதாகத் தெரிகிறதே என்று ம்ம-வின் நடுவில் வெட்டினால் மூக்கொலி தடுக்கி விழுவது நன்றாகவே கேட்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. அந்த மௌனம் காலியிடம் என்று நினைத்துச் சுருக்கிவிடக் கூடாது. தாளத்துக்குள் அடக்குவதற்காக 'பட்டம்' என்பதில் இருக்கும் மௌனத்தை இறுக்கினால் கேட்பவர் காதில் அது 'படம்' பக்கம் போய்விடும். வரி நீளமாக இருக்கிறதென்றால் மௌனத்தை விட்டுவிட்டு உயிரெழுத்தின் நீட்டலில் கொஞ்சம் குறையுங்கள். கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) ஓடும் நீட்டலாக இருந்தால் அதையும் தொடாதீர்கள். அந்த வரியை மறுபடி பாடச் சொல்வதுதான் சரி, அசைவின் நடுவில் ஒட்டு நிற்கவே நிற்காது.

மூச்சு பற்றி. வரிக்கு முன்னால் இழுக்கும் மூச்சு அடுத்து வரும் வரியைச் சேர்ந்தது, முடிந்துபோன வரியைச் சேர்ந்ததல்ல. ஆகவே இரண்டாம் டேக்கிலிருந்து ஒரு வரி எடுத்தால் அதன் மூச்சையும் சேர்த்தே எடுங்கள், முதல் டேக்கின் மூச்சை விட்டுவிடுங்கள். இரண்டும் தங்கிவிட்டால் பாடகர் இரண்டு முறை மூச்சு வாங்குவார். மூச்சே வேண்டாம் என்று மொத்தமாக அழித்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அதற்குப் பிறகு அங்கே பாடுவது மனிதர் மாதிரியே இருக்காது. மூச்சைத் தனியாக வெட்டி 6 முதல் 10 டெசிபல் வரை குறைத்தால் போதும். எஃப்2 அழுத்தினால் வரும் பெட்டியிலேயே அந்தக் க்ளிப்பின் வால்யூமை மாற்றலாம். இப்படிக் க்ளிப்பில் குறைப்பது கம்ப்ரஸருக்கு (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) முன்னாலேயே நடந்துவிடும், டிராக்கின் மொத்த வால்யூமை மாற்றும் ஃபேடரோ அதற்குப் பின்னால்தான் வேலை செய்யும். வரிக்கு வரி சத்தம் ஏறி இறங்குகிற பாடகரைச் சமன்படுத்துவதையும் அதனால் க்ளிப்பிலேயே செய்துவிடுங்கள், கம்ப்ரஸர் பாவம், அதற்கு வேலை குறையும்.

வெட்டிய இடத்தில் 'டிக்' என்று கேட்டால் அலை ஒரு உயரத்திலிருந்து இன்னொரு உயரத்துக்குச் சட்டென்று குதிக்கிறது என்று பொருள். ஓரத்தில் சத்தம் படிப்படியாக ஏறும்படியோ இறங்கும்படியோ 5 அல்லது 10 மில்லிசெகண்ட் ஃபேடு போட்டால் போய்விடும். இரண்டு க்ளிப்பையும் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால், ஒன்று தேயத் தேய மற்றது எழும், அதுதான் கிராஸ்ஃபேடு. அதன் வடிவத்தை ஃபேடின் மேல் ரைட் க்ளிக் செய்து மாற்றிக்கொள்ளலாம். வெவ்வேறு டேக்குகளை இணைக்கும்போது நேர்கோட்டு வடிவம் போட்டால் நடுவில் சுமார் 3 டெசிபல் பள்ளம் விழும், அதனால் வெளிப்பக்கம் வளைந்த வடிவம்தான் அங்கே சரி. ஒரே பதிவை ஒத்துப்போகும்படி ஒட்டும்போது நேர்கோடு போதும். வேறு வழியே இல்லாமல் உயிரெழுத்தின் நடுவில் ஒட்ட வேண்டி வந்தால் நன்றாக ஜூம் செய்து, இரண்டு அலைகளும் ஒரே திசையில் ஏறும் இடத்தைப் பொருத்திவிட்டு, கிராஸ்ஃபேடை மிகச் சின்னதாக வையுங்கள். பின்னால் தம்பூரா ஓடிக்கொண்டிருக்கும்போது அதே மைக்கில் பதிந்த பாட்டு என்றால் இதெல்லாம் இன்னும் கஷ்டம், எந்த ஒட்டிலும் தம்பூரா காட்டிக்கொடுக்கும். தம்பூராவைப் பாடகரின் ஹெட்போனுக்குள் மட்டும் கொடுத்துப் பதிந்தால் பிழைத்தீர்கள்.

மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்துப் பதிந்திருந்தால் இரண்டு க்ளிப்பையும் தேர்ந்தெடுத்து ஜி அழுத்திக் குழுவாக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். ஒன்றை மட்டும் அந்த அளவுக்கு நகர்த்திவிட்டாலே இரண்டு மைக்குக்கும் இடையில் இருந்த தூரம் பொய்யாகி, தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கனம் காணாமல் போகும். ரிப்பிள் எடிட்டிங் பட்டனையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது ஆன் ஆகியிருந்தால் ஒன்றை அழிக்கும்போது பின்னால் இருப்பதெல்லாம் சேர்ந்து நகரும். பேச்சுப் பதிவுக்கு அருமையான வசதி, பாட்டுக்கு ஆஃப் செய்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஹெட்போனில் குரலை மட்டும் தனியாக ஒருமுறை, அப்புறம் இசையோடு ஒருமுறை கேளுங்கள். தனியாகக் கேட்கும்போது மட்டும் தெரிகிற சின்னக் குறைகளுக்கு மணிக்கணக்கில் மெனக்கெட வேண்டாம். திருப்தியானதும் ப்ராஜெக்டை வேறு பெயரில் சேமித்துவிட்டு, க்ளிப்புகளைக் க்ளூ செய்து ஒரே க்ளிப்பாக்கலாம், அது புது ஃபைலை உண்டாக்கும், பழையவை டிஸ்க்கிலேயே இருக்கும். மிக்ஸிங் செய்பவருக்கு அனுப்பும்போது எல்லா டிராக்கையும் ப்ராஜெக்டின் தொடக்கத்திலிருந்தே 24 பிட் வேவ் ஃபைலாக ரெண்டர் செய்து (புது ஃபைலாக எழுதி), பாட்டின் பிபிஎம்மையும் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகம்) எழுதிக் கொடுங்கள். தேவையில்லாத ஃபைல்களை நீக்கும் வசதி ஃபைல் மெனுவில் இருக்கிறது, ஆனால் அது திறந்திருக்கும் ப்ராஜெக்டை மட்டும்தான் பார்க்கும். அதே ஃபோல்டரில் இருக்கும் பழைய பதிப்புக்கு வேண்டிய டேக்கையும் தேவையில்லாதது என்று காட்டிவிடும், ஆகவே பேக்கப் எடுக்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.