குளித்த வெந்நீரின் சூட்டைத் திரும்பப் பிடிப்பது எப்படி?

அடுத்த முறை ஷவரில் நிற்கும்போது, தண்ணீர் வடியும் துளையருகே பாதத்தை வைத்துப் பாருங்கள். வெதுவெதுவென்றுதான் இருக்கும். காசு கொடுத்து ஏற்றிய சூட்டில் பெரும்பங்கு அப்படியே சாக்கடைக்குப் போகிறது. அதில் ஒரு பகுதியை உள்ளே வரும் பச்சைத் தண்ணீருக்கு மாற்றிவிட ஒரு குழாய் போதும். மோட்டார் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

கழிவுநீர் செங்குத்தாக இறங்கும் இடத்தில் ஒரு செம்புக் குழாய். அதைச் சுற்றி இறுக்கமாக இன்னொரு செம்புச் சுருள். இவ்வளவுதான் கருவி. செங்குத்துக் குழாயில் வடியும் தண்ணீர் நடுவில் கொட்டாமல், சுவரை ஒட்டி மெல்லிய படலமாக வழியும். அதனால்தான் சூடு சட்டென்று செம்பில் ஏறி, வெளிச்சுருளில் ஓடும் தண்ணீருக்குப் போகிறது. இரண்டு தண்ணீரும் கலக்காது. நடுவே இரட்டைச் செம்புச் சுவர் இருக்கிறது.

படி 1: முதலில் அளந்துவிடுங்கள்

ஒரு வாளி, கடிகாரம், தெர்மாமீட்டர். ஷவரை ஒரு நிமிடம் வாளியில் பிடித்தால் எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். பச்சைத் தண்ணீர், ஷவர் தண்ணீர், வடியும் தண்ணீர் மூன்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி தேவை. நிமிடத்துக்கு 8 லிட்டர், 10 நிமிடக் குளியல் என்றால் 80 லிட்டர். பச்சைத் தண்ணீர் 20 டிகிரி, ஷவர் 40 டிகிரி என்று வைத்தால் 80 × 20 × 1.16 = 1,856 வாட்-மணி, அதாவது கிட்டத்தட்ட 1.86 யூனிட் (1,000 வாட்-மணி ஒரு யூனிட்). வடியும் தண்ணீர் 36 டிகிரி, கருவியின் திறன் 50 சதவீதம் என்றால், 16 டிகிரி வித்தியாசத்தில் பாதி, 8 டிகிரி திரும்பக் கிடைக்கும். ஒரு குளியலுக்கு முக்கால் யூனிட் மிச்சம்.

உங்கள் குழாயில் தண்ணீரே 30 டிகிரியில் வருகிறதா? அப்படியானால் மீட்க அதிகம் இல்லை. செலவு செய்யாதீர்கள்.

படி 2: உங்களுக்கு ஒத்துவருமா?

வெந்நீர் வடிவதும் பச்சைத் தண்ணீர் உள்ளே வருவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஷவருக்கு இது பொருந்தும். வாளியில் விளாவி வைத்துக் குளிப்பவர்களுக்கும் தொட்டியை நிரப்பிக் குளிப்பவர்களுக்கும் பயனில்லை. குளியலறைக்குக் கீழே செங்குத்துக் குழாய்க்கு இடமும் வேண்டும். தரைத்தளத்தில் படுக்கைவாட்டில் வைக்கும் வகைகள் உண்டு. திறன் குறைவு, அவ்வப்போது சுத்தம் செய்யவும் வேண்டும்.

படி 3: எங்கே இணைப்பது

சுருளிலிருந்து வரும் வெதுவெதுத் தண்ணீரை ஹீட்டருக்கும், ஷவரில் விளாவும் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கும் சேர்த்தே கொடுப்பதுதான் சிறந்தது. அப்போதுதான் உள்ளே வரும் அளவும் வெளியே போகும் அளவும் சமமாக இருக்கும். ஏதாவது ஒன்றுக்கு மட்டும் கொடுத்தாலும் வேலை செய்யும், பலன் குறையும். உடனடி ஹீட்டர் வைத்திருப்பவர்கள், வெதுவெதுத் தண்ணீரை அது உள்வாங்குமா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

படி 4: பொருத்துதல்

செம்புக் குழாயை வாங்கி நாமே சுற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். உருண்டைக் குழாயைச் சுற்றினால் ஒரு கோட்டில்தான் தொடும், மீதியெல்லாம் காற்றிடைவெளி. தயாராக வருபவற்றில் சுருளைத் தட்டையாக்கி அழுந்தச் சுற்றியிருப்பார்கள்.

தூக்குக்குண்டு பிடித்து நேர் பாருங்கள். குழாய் சாய்ந்தால் தண்ணீர் ஒரே பக்கமாக வழியும், படலம் போய்விடும். பச்சைத் தண்ணீர் கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும். பலர் தப்பு செய்வது இங்கேதான். கழிவுநீர்க் குழாயை வெட்டுவதைப் பிளம்பரிடம் விட்டுவிடுங்கள்.

படி 5: சோதனை

ஷவரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுருளுக்குள் போகும் தண்ணீரையும் வெளிவரும் தண்ணீரையும் தொட்டுப் பாருங்கள். வித்தியாசம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் இணைப்பு தலைகீழாக இருக்கிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள். அப்புறம் ஒன்று: விளாவும் தண்ணீரே இப்போது வெதுவெதுப்பாக வருவதால், வெந்நீர்க் குழாயைப் பழைய அளவுக்குத் திறந்தால் சுடும். கொஞ்சம் குறைத்துத் திறங்கள்.