பிடித்த சோலியைத் தேடும்போது செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டையில் படிப்பை முடித்து வரும் பிள்ளையிடம் ஊரே கேட்பது ஒன்றுதான்: "அடுத்து என்னடே சோலி பாக்கப் போற?" வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி, இல்லையென்றால் சென்னைக்கு ராத்திரி பஸ். எனக்கு எது பிடிக்கும் என்று யோசிக்க நேரமே கிடைப்பதில்லை. அப்படியே யோசித்தாலும் பலர் தப்பான இடத்தில்தான் தொடங்குகிறார்கள்.

இதில் பெரிய தவறு, நமக்கென்று ஒரு வேலை ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது, அது எதுவென்று தெரிந்துவிட்டால் போதும் என்று காத்திருப்பது. ஓ'கீஃப், டுவெக், வால்டன் என்ற மூன்று உளவியலாளர்கள் இதைப் பற்றி 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஒரு சோதனையில் மாணவர்களுக்குக் கருந்துளை பற்றிய வீடியோவைக் காட்டினார்கள். பலருக்கும் பிடித்துப்போனது. அப்புறம் அதே விஷயத்தில் கடினமான கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது மாறாமல் உள்ளேயே இருப்பது என்று நம்பியவர்களுக்குத்தான் சுவாரசியம் அதிகமாக வடிந்தது. ஆர்வம் வளர்த்துக்கொள்ளக்கூடியது என்று நினைத்தவர்கள் அந்த அளவுக்குச் சோர்ந்துபோகவில்லை. கஷ்டமாக இருக்கிறதே, அப்படியானால் இது நமக்கானது இல்லை என்று கைவிடுகிறவர்களை நம் ஊரிலும் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

அடுத்தது, முடிந்த பொருளை மட்டும் பார்த்து மயங்குவது. பத்தமடைப் பட்டுப்பாயைக் கையில் வாங்கித் தடவிப் பார்க்கிற எவருக்கும் ஆசை வரும். அந்த மென்மை எங்கிருந்து வருகிறது? கோரையை அறுத்துக் காயவைக்க வேண்டும். ஒவ்வொரு தண்டையும் கையாலேயே மெல்லிசாகக் கிழிக்க வேண்டும். ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றிய பிறகுதான் நெசவே ஆரம்பம். தரையோடு தரையாக உட்கார்ந்து கோரையை ஒவ்வொன்றாக நூலுக்கிடையில் கொடுத்து நெய்யும்போது முதுகு என்ன பாடுபடும் என்று யாரும் படம் போடுவதில்லை. ஒரு தொழில் பிடிக்குமா என்று தெரிய வேண்டுமென்றால், அதன் அலுப்பான பகுதியைச் சில வாரம் செய்து பாருங்கள். கேமரா வாங்குவதற்கு முன் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான படங்களைக் கழித்துக்கட்டும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

பிடித்ததை எல்லாம் சம்பாத்தியமாக்க வேண்டும் என்பதும் தேவையில்லாத பாரம். 1973-இல் வெளியான பிரபலமான ஓர் ஆய்வில், படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட சின்னப் பிள்ளைகள், பின்னாளில் தாங்களாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். வில்லுப்பாட்டு பிடிக்குமா, கோயில் கொடை நாளில் பாடுங்கள். ஆபீஸ் வேலை அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

வேலை மாறினால் "ஒண்ணுலயும் நிலைக்க மாட்டேங்கான்" என்று பேச்சு வரும். அதற்குப் பயந்து உட்கார்ந்திருப்பதும் தவறுதான். டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கியவரும் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்தவருமான டி.வி. சுந்தரம் ஐயங்கார் வக்கீலாகத் தொடங்கி, ரயில்வேக்குப் போய், பிறகு வங்கியிலும் வேலை பார்த்துவிட்டு, 1912-இல் மதுரையில் பஸ் விட்டார். இடையில் அவரைப் பார்த்தும் ஊர் ஏதாவது சொல்லியிருக்கும்!

பணக் கணக்கு போடாமல் இறங்குவதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. பிசான அறுவடைக் காசில் கல்விக்கடனைக் கட்டிக்கொண்டிருக்கிற அப்பாவிடம் போய் 'மனசுக்குப் பிடிக்கல, வேலையை விட்டுட்டேன்' என்று நின்றால், அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. எத்தனை மாதம் முயற்சி செய்யப் போகிறீர்கள், அதுவரை தவணையை யார் கட்டுவது, சரிவராவிட்டால் எந்த வேலைக்குத் திரும்புவீர்கள் என்று வேலையை விடுவதற்கு முன்பே அவரிடம் பேசுங்கள். தாளில் எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.