கிராமப்புறத்தை ஆங்கிலத்தில் விவரிக்க: சொற்களைச் சேர்க்கும் முறை, படிப்படியாக

ஒரு கிராமத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் சொல்லச் சொன்னால், பலருக்கும் ‘கிரீன்’, ‘பியூட்டிஃபுல்’, ‘பீஸ்ஃபுல்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஐம்பது சொல் உள்ள பட்டியலை மனப்பாடம் செய்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. தனித்தனியாகப் படித்த சொல் பேசும் நேரத்தில் கைகொடுக்காது. ஓர் இடத்தோடும் பக்கத்துச் சொல்லோடும் சேர்த்துப் படித்த சொல்தான் நாக்கில் நிற்கும். கீழே உள்ள முறை அதற்காகத்தான். வேண்டியவை ஒரு நோட்டு, உச்சரிப்பைக் கேட்கும் வசதியுள்ள ஓர் அகராதி, நன்றாகத் தெரிந்த ஒரு கிராமத்தின் படம் அல்லது நினைவு.

இங்கே ஆங்கிலச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். ஒவ்வொன்றின் எழுத்துக்கூட்டலையும் அகராதியில் பார்த்து நீங்களே நோட்டில் எழுதுங்கள். தேடி எழுதும் அந்த அரை நிமிடத்திலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடும்.

படி 1: முதலில் தமிழில் பட்டியல்

படத்தைப் பார்த்து, கண்ணில் படும் பொருள்களில் பத்தை மட்டும் தமிழில் எழுதுங்கள்: வயல், வரப்பு, தோப்பு, குளம், ஓடை, மாடு, தொழுவம், ஓட்டு வீடு, மண்பாதை, குன்று. பத்துக்கு மேல் வேண்டாம். முதல் நாளே முப்பது எழுதினால் அடுத்த வாரம் எதுவும் மிஞ்சாது.

படி 2: ஒரு தமிழ்ச் சொல்லுக்கு எந்த ஆங்கிலச் சொல்?

தொடக்கநிலையில் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். ‘தோட்டம்’ என்றதும் எல்லோரும் ‘கார்டன்’ என்கிறார்கள். கார்டன் என்றால் பெரும்பாலும் வீட்டை ஒட்டிய இடம். பழமரங்களை வரிசையாக வளர்க்கும் இடம் ‘ஆர்ச்சர்ட்’. தேயிலை, ரப்பர் என்று ஒரே பயிரைப் பெரிய பரப்பில் வளர்த்தால் ‘பிளான்டேஷன்’. தென்னந்தோப்புக்கு ‘கோக்கனட் குரோவ்’. என்ன வளர்கிறது, எவ்வளவு பரப்பில் வளர்கிறது என்ற இரண்டு கேள்வியைக் கேட்டால் சரியான சொல் வந்துவிடும்.

புல்வெளியும் அப்படித்தான். ஆடு மாடு மேயும் நிலம் ‘பாஸ்ச்சர்’. புல்லும் காட்டுப்பூவும் வளர்ந்து கிடக்கும் வெளி, குறிப்பாக அறுத்து உலர்த்தித் தீவனமாக வைக்கப் புல்லை வளரவிடும் நிலம், ‘மெடோ’. உழுது பயிரிடும் நிலம் ‘ஃபீல்ட்’. தொழுவம் ‘கவ்ஷெட்’, குதிரை லாயம் ‘ஸ்டேபிள்’, கோழிக்கூடு ‘கூப்’. வைக்கோலும் தானியமும் வைக்கும் பெரிய கட்டடம் ‘பார்ன்’. ‘வில்லேஜ்’ என்பதைவிடச் சிறிய குடியிருப்பு ‘ஹேம்லெட்’.

நீர்நிலைகளில் கவனம் தேவை. பாசன ஏரியை நாம் ‘டேங்க்’ என்கிறோம். தெற்காசியாவுக்கு வெளியே அந்தச் சொல்லைக் கேட்பவர் தண்ணீர்த் தொட்டியையோ போர் வாகனத்தையோதான் நினைப்பார். அவரிடம் ‘ரிசர்வாயர்’ அல்லது ‘ஸ்மால் லேக்’ என்று சொல்லுங்கள். ஓடைக்கு ‘ஸ்ட்ரீம்’ எங்கும் செல்லும். ‘கிரீக்’ அமெரிக்காவில் சிற்றோடை, பிரிட்டனில் கடல்நீர் உள்ளே வரும் குறுகிய கழி. வரப்புக்குப் பொதுவாகப் புரியும் ஒற்றைச் சொல்லைத் தேடி அலையாதீர்கள். ‘அ நேரோ ரெய்ஸ்டு பாத் பிட்வீன் தி ஃபீல்ட்ஸ்’ என்று விளக்கிச் சொன்னால் யாருக்கும் புரியும்.

படி 3: ஜோடி சேருங்கள்

ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பெயரடையோ வினையோ துணை வேண்டும். நோட்டில் தனிச்சொல்லை எழுதவே எழுதாதீர்கள். ‘ஃபெர்ட்டைல் லேண்ட்’ வளமான நிலம், ‘பேரன் லேண்ட்’ எதுவும் விளையாத நிலம், ‘வைண்டிங் லேன்’ வளைந்து செல்லும் குறுகிய சாலை, ‘டர்ட் ரோட்’ மண்சாலை, ‘ரோலிங் ஹில்ஸ்’ அலையலையாக ஏறி இறங்கும் குன்றுகள், ‘தேட்ச்ட் ரூஃப்’ ஓலை அல்லது வைக்கோல் வேய்ந்த கூரை, ‘டைல்டு ரூஃப்’ ஓட்டுக்கூரை. ஆட்டு மந்தைக்கு ‘ஃப்ளாக்’, மாட்டு மந்தைக்கு ‘ஹெர்ட்’. வினைகளில் நான்கு போதும்: ‘ப்ளவ்’ உழு, ‘சோ’ விதை, ‘ஹார்வெஸ்ட்’ அறுவடை செய், ‘கிரேஸ்’ மேய்.

‘பியூட்டிஃபுல்’ என்ற சொல்லை இந்தப் பயிற்சி முடியும்வரை ஒதுக்கி வையுங்கள். அது இருக்கும்வரை வேறு பெயரடை எதுவும் உள்ளே வராது.

படி 4: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

‘ரூரல்’ பெயரடை. ‘ஐ லிவ் இன் அ ரூரல்’ என்று நிறுத்த முடியாது. ‘ரூரல் ஏரியா’ என்று முடிக்க வேண்டும். ‘கன்ட்ரிசைட்’ முன்னால் ‘தி’ வேண்டும்: ‘இன் தி கன்ட்ரிசைட்’. ‘இன் தி கன்ட்ரி’ என்றாலும் கிராமப்புறம் என்ற பொருள் உண்டு, ஆனால் ‘இன் அவர் கன்ட்ரி’ என்றால் நம் நாட்டில் என்று ஆகிவிடும்.

‘கேட்டில்’ ஏற்கெனவே பன்மை. ‘கேட்டில்ஸ்’ கிடையாது, ‘தி கேட்டில் ஆர் கிரேஸிங்’ என்றே வரும். ‘சீனரி’, ‘கிரீனரி’ இரண்டையும் எண்ண முடியாது, எனவே பன்மை ஆக்காதீர்கள். உள்ளடங்கிய ஊரை ‘இன்டீரியர் வில்லேஜ்’ என்பது நம் வழக்கம். எங்கும் புரிவது ‘ரிமோட் வில்லேஜ்’. ‘ஐ ஆம் ஃப்ரம் வில்லேஜ் சைட்’ என்பதற்குப் பதில் ‘ஐ கம் ஃப்ரம் அ வில்லேஜ்’. முன்னிடைச்சொல்லும் மாறும்: ‘இன் தி ஃபீல்ட்’, ஆனால் ‘ஆன் தி ஃபார்ம்’.

உச்சரிப்பில் எழுத்து ஏமாற்றும். ‘வில்லேஜ்’ என்று நாம் எழுதினாலும் அதன் கடைசி அசை குறுகி ‘விலிஜ்’ என்றே ஒலிக்கும். சிறிய வீட்டைக் குறிக்கும் ‘காட்டிஜ்’ அதே மாதிரி. விதைப்பதைக் குறிக்கும் ‘சோ’வை ‘சவ்’ என்று சொன்னால் பெண்பன்றி என்ற பொருள் வந்துவிடும். எழுத்துக்கூட்டல் இரண்டுக்கும் ஒன்றே. பாதை வளைந்து போவதைச் சொல்லும்போது ‘வைண்ட்ஸ்’. ‘விண்ட்ஸ்’ என்றால் காற்று.

படி 5: தூரத்திலிருந்து கிட்டே வாருங்கள்

கண் போகும் வரிசையில் வாக்கியங்களை அடுக்கினால் திணறல் இருக்காது. தொலைவில் என்ன, நடுவில் என்ன, பக்கத்தில் என்ன என்ற வரிசையில் ஒரு மாதிரி:

இன் தி டிஸ்டன்ஸ், தேர் ஈஸ் அ லோ ஹில். அ நேரோ லேன் வைண்ட்ஸ் த்ரூ தி ஃபீல்ட்ஸ். டு தி லெஃப்ட் ஆஃப் தி லேன், தேர் ஈஸ் அ ஸ்மால் பாண்ட். சம் கேட்டில் ஆர் கிரேஸிங் பிசைட் இட். பிஹைண்ட் தி பாண்ட் ஸ்டாண்ட்ஸ் அன் ஓல்ட் ஃபார்ம்ஹவுஸ் வித் அ டைல்டு ரூஃப்.

ஐந்து வாக்கியத்தில் ‘தேர் ஈஸ்’ இரண்டு முறைதான் வருகிறது. எல்லா வாக்கியத்தையும் அதிலேயே தொடங்கினால் சாமான் பட்டியல் வாசிப்பது போலாகிவிடும். நடுவில் ‘வைண்ட்ஸ்’, ‘ஸ்டாண்ட்ஸ்’ போன்ற வினைகள் வர வேண்டும். ஒரு பொருளுக்குப் பெயரடை இரண்டுக்கு மேல் வேண்டாம். இரண்டு போட்டால் அளவு முன்னால், வயது பின்னால்: ‘அ ஸ்மால் ஓல்ட் காட்டிஜ்’.

படி 6: மூடி வைத்துச் சொல்லுங்கள்

எழுதியதை அப்படியே வாசிப்பது பயிற்சி ஆகாது. நோட்டை மூடி, படத்தை மட்டும் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். சிக்கிய சொல்லை மட்டும் அடிக்கோடிட்டு மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று திரும்பச் சொல்லுங்கள். சரளமாக வந்த சொல்லுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

பத்தி கைவந்ததும் அதே இடத்தைக் கோடையில் வைத்து மாற்றி எழுதுங்கள். செழித்த பசுமையைச் சொல்லும் ‘லஷ்’ போய், காய்ந்து வறண்டதைச் சொல்லும் ‘பார்ச்ட்’ வரும், வறட்சிக்கு ‘ட்ரவுட்’ வரும், மேய்ச்சல் நிலம் ‘பேர்’, அதாவது புல்லில்லாத வெற்று நிலம், ஆகிவிடும். குளத்துக்கு ‘தி பாண்ட் ஈஸ் ட்ரை’ என்றும் சொல்லலாம், ‘தி பாண்ட் ஹாஸ் ட்ரைட் அப்’ என்றும் சொல்லலாம். முதலாவது இப்போதைய நிலையை மட்டும் சொல்கிறது, இரண்டாவது முன்பு அங்கே தண்ணீர் இருந்ததையும் சேர்த்துச் சொல்கிறது.