20 வினாடியில் ஒரு கொசு: பிள்ளைகளோடு அறிவியல் அனிமேஷன்

எதை அனிமேஷனாக எடுப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. படம் வரைந்து அம்புக்குறி போட்டாலே புரிந்துவிடும் விஷயத்துக்கு 200 போட்டோ எடுப்பது வீண். அசைவே பாடமாக இருக்கும் ஒன்றைப் பிடியுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் வளர்ச்சி அதற்குச் சரியான ஆள். பாடப்புத்தகத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று வட்டமாக நாலு படம் இருக்கும். ஒன்று இன்னொன்றாக எப்படி மாறுகிறது என்பது அந்த வட்டத்தில் இருக்காது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ எடுத்து, எல்லாவற்றையும் தொடர்ந்து ஓடவிடும் ஸ்டாப் மோஷன் எடுக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு படத்துக்கும் "அடுத்து எந்தப் பக்கம் அசையும்?" என்ற கேள்வி வந்தே தீரும். பதில் தெரியாவிட்டால் கை நின்றுவிடும்.

அதனால் முதலில் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். தேங்கிய தண்ணீரிலிருந்து நாலைந்து புழுக்களைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வாயை மெல்லிய வலைத்துணியால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். பத்து நிமிடம் பார்க்கட்டும். பாட்டிலைத் தட்டினாலோ மேலே நிழல் விழுந்தாலோ புழு நெளிந்து கீழே போகும். கொஞ்ச நேரத்தில் மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். வால் பக்கம் இருக்கும் மூச்சுக்குழலின் நுனி மட்டும் நீர்மட்டத்தைத் தொடும். பார்க்காமல் வரையும் பிள்ளை அநேகமாகத் தலையை மேலே வைத்துத்தான் வரையும். பார்த்து முடித்த அன்றே தண்ணீரை வெயில் படும் காய்ந்த மண்ணில் கொட்டிவிடுங்கள். மறுநாள் வரை வைத்தால் சில புழுக்கள் கூட்டுப்புழு ஆகிவிடும். அதிலிருந்து இரண்டே நாளில் கொசு.

கணக்கு இப்படி: வினாடிக்கு 10 ஃப்ரேம், 20 வினாடி, ஆக 200 போட்டோ. சினிமாவில் வினாடிக்கு 24 ஃப்ரேம்; பள்ளி வேலைக்கு அவ்வளவு தேவையில்லை, 10 போதும். பழகிய கை நிமிடத்துக்கு மூன்று படம் எடுக்கும், எனவே இரண்டு பீரியடில் முடியும். ஆறு ஷாட்டாகப் பிரித்துக்கொள்ளலாம்: வாளியின் உட்சுவரில் முட்டை, தண்ணீர் ஏறி அதை நனைக்கிறது (20 படம்), பொரிகிறது (20), புழு மேலே வந்து மூச்சு விடுகிறது (50), தோல் உரித்து வளர்கிறது (40), கூட்டுப்புழு (30), கொசு வெளியே வந்து நீர்மேல் நிற்கிறது (40).

அரைச் சார்ட் (56 × 35 செ.மீ.) நீல நிறத்தில் தரையில் ஒட்டுங்கள். இருபுறமும் பிளாஸ்டிக் ஸ்டூல், இடையே 70 செ.மீ. அவற்றின் மேல் ஒரு மீட்டர் நீள ஸ்கேல் இரண்டை நாலு விரல் இடைவெளியில் படுக்கவைத்து, முனைகளை டேப்பால் இறுக்குங்கள். கேமரா கீழே பார்க்கும்படி செல்போனை அதன் மேல் கிடத்துங்கள். 45 செ.மீ. உயரத்தில் சார்ட் ஏறக்குறைய முழுசாகத் தெரியும். ஓரம் தெரிந்தால் கொஞ்சம் ஜூம் செய்யலாம். செயலிக்கு 'ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ'வின் இலவச வடிவமே போதும். முந்தைய படம் மங்கலாகத் தெரியும் வசதியை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். போனை ஃப்ளைட் மோடில் வையுங்கள்; ஒரு அழைப்பு வந்து அதிர்ந்தால் போன் நகர்ந்துவிடும்.

புழுவைச் சார்ட்டில் வெட்டும்போது மூட்டு மூட்டாக இணைக்காதீர்கள், சின்னக் கைக்கு அது அடங்காது. ஒரே அளவில் மூன்று உருவம் வெட்டுங்கள்: நேராக ஒன்று, இடப்பக்கம் வளைந்தது, வலப்பக்கம் வளைந்தது. இடம், நேர், வலம், நேர் என்று மாற்றி மாற்றி வைத்தால் நெளியும். புழு தோல் உரித்து உரித்து வளரும் நான்கு கட்டங்களை, அதாவது நான்கு பருவங்களை, காட்ட 3, 5, 8, 11 செ.மீ. நீளத்தில் பருவத்துக்கு ஒரு செட். மூன்று முறை தோல் உரித்து நான்காம் பருவத்தை அடைகிறது. நான்காவது உரிப்பில் கூட்டுப்புழு. அது காற்புள்ளி போல வளைந்திருக்கும், எதுவும் தின்னாது, மூச்சுக்குழல்கள் இப்போது முன்பக்கம் வந்துவிட்டிருக்கும். புழு வாலால், கூட்டுப்புழு முன்பக்கத்தால்: பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லும் இடம் இதுதான். இந்த ஷாட்டை அவசரப்படுத்தாதீர்கள்.

நகர்த்தும்போது சமமான இடைவெளி வேண்டாம். 2 மி.மீ., 5, 10, 10, 5, 2 என்று மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிறுத்தினால் உயிர் வரும். ஒரே தாவலில் 3 செ.மீ. தள்ளினால் படம் குதிக்கும். முக்கியமான நிலையில் நகர்த்தாமல் 10 படம் எடுங்கள், பார்ப்பவர் கண் அங்கே நிற்கட்டும்.

நாலு பேர் ஒரு குழு: புழுவை நகர்த்த ஒருவர், தண்ணீரையும் நாள் எண்ணையும் மாற்ற ஒருவர், எண்ணிக்கை பார்க்க ஒருவர், கேமராவுக்கு ஒருவர். ஷாட்டுக்கு ஷாட் வேலை மாற வேண்டும். கேமரா பிள்ளை "கை!" என்று குரல் கொடுத்து, எல்லாக் கையும் வெளியே வந்த பிறகே அமுக்க வேண்டும். போனைத் தொடாமல் இயர்போனின் வால்யூம் பட்டனால் எடுத்தால் படம் ஆடாது.

படம் மினுமினுத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஜன்னலை. மேகம் போக வர வெளிச்சம் மாறும். திரையை மூடி டியூப்லைட்டில் எடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் போன் திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டுங்கள். வெள்ளைச் சட்டைப் பிள்ளை குனிந்தாலே சார்ட்டின் நிறம் மாறுவதுண்டு. ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். வேர்க்கும்தான், ஆனால் ஒரு சுழலில் புழு பறந்துவிடும். ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஒரு பயறளவு பிளாஸ்டிசின் களிமண் வைத்தால் ஓரளவு தாங்கும்.

அனிமேஷன் இரண்டு விஷயத்தில் பொய் சொல்லும்: அளவு, காலம். 11 செ.மீ. புழு உண்மையில் ஒரு அரிசி நீளம்தான். முதல் ஷாட்டுக்கு முன் ஒரு நிஜ அரிசியை வைத்து, அந்த அளவில் புழுவை வரைந்து காட்டுங்கள். மூலையில் 'நாள் 1' தொடங்கி எண் ஓடட்டும். முட்டையிலிருந்து கொசு வர வெப்பமான ஊரில் 7 முதல் 10 நாள்.

குரலைக் கடைசியில் சேருங்கள். 20 வினாடிக்கு 30, 35 சொல்தான் கொள்ளும். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லி வீணாக்காமல், தெரியாததைச் சொல்லட்டும்: தண்ணீர் காய்ந்த பிறகும் ஏடிஸ் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், அதனால் வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

குரல் சேர்க்கும் முன் பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஊமைப்படமாகப் போட்டுக் காட்டுங்கள். "புழு எதனால் மூச்சு விடுது?" என்று கேளுங்கள். தலையைக் காட்டினால் மூன்றாவது ஷாட் சரியில்லை. அந்த 50 படத்தை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.