தேனுக்கு ஒரு கணக்கு, எண்ணெய்க்கு ஒரு கணக்கு: கேக் திரவங்களை மில்லியிலிருந்து கிராமுக்கு மாற்றும் முறை

அரை கப் தேன் கேட்ட ஒரு கேக்கை இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் வறண்டு போனது, இனிப்பும் குறைவு. அடுப்பைச் சந்தேகப்பட்டேன், மாவைச் சந்தேகப்பட்டேன். தவறு தராசில் நான் அழுத்திய பட்டனில் இருந்தது. அதைப் படி 3-இல் விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: உங்கள் கப் எவ்வளவு?
அமெரிக்கக் குறிப்புகளில் ஒரு கப் 240 மில்லி, ஆஸ்திரேலியக் குறிப்புகளில் 250. நம் கடைகளில் இரண்டு அளவும் கிடைக்கும். காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, கப் அத்தனை மில்லி.

படி 2: பெருக்கு அல்லது வகு
1 மில்லியின் எடை, ஏறத்தாழ:

தண்ணீர் – 1 கிராம்
பால் – 1.03
சமையல் எண்ணெய் – 0.92
உருக்கிய நெய் – 0.91
கண்டென்ஸ்டு மில்க் – 1.3
தேன் – 1.42

மில்லியை இந்த எண்ணால் பெருக்கினால் கிராம், கிராமை வகுத்தால் மில்லி. 120 மில்லி எண்ணெய் என்றால் 110 கிராம். 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க் டின்னில் இருப்பது 308 மில்லிதான். எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 1 லிட்டருக்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்று போட்டிருப்பார்கள். பாலுக்கு நான் கணக்கே போடுவதில்லை, ஒரு கப்புக்கு 7 கிராம்தான் வித்தியாசம்.

படி 3: 'மில்லி' பட்டனைத் தொடாதீர்கள்
தராசுக்கு எடை மட்டும்தான் தெரியும். மில்லி பட்டனை அழுத்தினால், மேலே இருப்பது தண்ணீர் என்று எண்ணிக்கொண்டு அதே எண்ணைக் காட்டும். நான் 120 'மில்லி' வரும் வரை ஊற்றியது 120 கிராம் தேன், அதாவது வெறும் 85 மில்லி. வேண்டியதோ 170 கிராம். ஒவ்வொரு முறையும் 50 கிராம் தேன் குறைந்திருக்கிறது! சில தராசுகளில் பாலுக்குத் தனி மில்லி உண்டு, அதுவும் தேனுக்கு உதவாது. கணக்கை முதலில் தாளில் போட்டுவிட்டு, கிராமில் மட்டும் எடை போடுங்கள்.

தேனைக் கப்பில் ஊற்றி வழித்தெடுப்பதை நான் விட்டுவிட்டேன். பாட்டிலைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, எடுத்து நேராக மாவில் ஊற்றி, திரும்ப வைத்தால் −170 என்று காட்ட வேண்டும். கழுவ ஒரு பாத்திரம் குறைவு.

படி 4: சின்ன அளவுக்கு ஸ்பூன்
வெனிலா எசென்ஸ் மாதிரி 5 மில்லிக்குச் சமையலறைத் தராசை நம்ப வேண்டாம், டீஸ்பூன் போதும். டேபிள்ஸ்பூன் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20.

பிற்சேர்க்கை: கருத்துப் பகுதியில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன.

அவுன்ஸ்: எடை அவுன்ஸ் 28.35 கிராம், அமெரிக்கத் திரவ அவுன்ஸ் 29.57 மில்லி. 8 அவுன்ஸ் தேன் எடையில் 227 கிராம், திரவ அவுன்ஸில் 336 கிராம். குறிப்பில் 'திரவ' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய்: உறைந்தாலும் உருகினாலும் எடை அதேதான், அப்படியே நிறுக்கலாம். கப்பில் அளப்பவர்கள் மட்டும் உருக்கிவிட்டு அளக்க வேண்டும்.